பெயர் எழுதாத தட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளர் பைல்கள் இருக்கும் அறைக்கு ஒரே ஒரு யன்னல். அது கடலைப் பார்த்திருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்பு அந்த வழியாக உள்ளே வந்து இரும்பு றாக்கைகளில் ஒட்டிக்கொள்ளும். தாள்களைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பிகள் துருப்பிடித்து, ஒவ்வொரு பைலிலும் ஒரு மண்ணிறப் புள்ளி விழும். சீனி வருத்தக்காரருக்கும் அதே புள்ளி, இழுப்புக்காரருக்கும் அதே புள்ளி. அந்த அறையில்தான் நான் பல வருடமாக வேலை செய்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பைல் அடுக்கிறனான்" என்பேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு வராது.

சிலருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நேரில் நின்று சொல்ல முயன்றபோதெல்லாம் கண் நிலத்தைப் பார்த்ததே தவிர வாய் திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் சாதாரண தரம் மட்டும் படித்தவள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தது வாட்டுக் கூட்டுவதற்கு. கொஞ்சக் காலத்தில் கிளினிக் நாட்களில் பெயர் கூப்பிடும் வேலையைத் தந்தார்கள். மண்டபம் நிறையச் சனம் இருக்கும். நான் பைலைப் பார்த்துப் பெயரை வாசிப்பேன். முதல் வாங்குப் பலகையில் இருப்பவர்களுக்குக்கூட முழுதாகக் கேட்காது. அந்த முதல் வாங்குப் பெண்களுக்கு என்மேல் இரக்கம். நான் மெல்லச் சொல்வதை அவர்கள் வாங்கி, பின்னால் திரும்பி உரத்துச் சொல்வார்கள். ஒரு அம்மா ஒருநாள், "பூசைக்கு ஜெபம் சொல்லுற மாதிரிச் சொல்லுறாய் பிள்ளை, சங்கீத்தானுக்கு மட்டும்தான் கேக்கும்" என்றார். கோயிலில் மணி அடித்து மெழுகுதிரி கொளுத்தும் சங்கீத்தானை எல்லாருக்கும் தெரியும் என்பதால் மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன்.

பைல் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்கள் தீவின் இஸ்லாமிய ஊர் ஒன்றிலிருந்து வரும் எழுதுவினைஞர். எல்லாரும் கிளாக்கர் என்போம். நான் மட்டும், அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்று கூப்பிடுவேன். அவர் ஒருநாள் தாதிமாருக்குப் பொறுப்பான மேற்றனிடம், "இந்தத் தங்கச்சிக்குத் தொண்டைதான் இல்லை, கண் இருக்கு. எனக்கு உள்ளுக்குத் தாங்கோ" என்று கேட்டிருக்கிறார். அப்படித்தான் நான் அந்த அறைக்குள் வந்தேன். அவர் அன்று கேட்டிராவிட்டால் நான் வேலையை விட்டுப் போயிருப்பேன். முதல் நன்றி அவருக்கு.

அப்போது பைல்கள் ஊர் ஊராக இருந்தன. வங்காலைக்கு ஒரு றாக்கை, ஓலைத்தொடுவாய்க்கு ஒரு தட்டு, வயல் பக்கத்து ஊர்களுக்குச் சுவரோரம் ஓர் அலுமாரி. ஊரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். பிறகு மலைநாட்டிலிருந்து ஒரு பெண் டொக்டர் பொறுப்புக்கு வந்தார். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். கடலைப் பார்க்காமலே வளர்ந்தவர். வந்த முதல் வாரம் யன்னலடியில் நின்று, மீனவர்கள் ஏன் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்பு வலிக்கவில்லை என்றெல்லாம் நானாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தெரியாததைக் கேட்பதற்கு அவருக்கு வெட்கமே இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

அவர்தான் பைல்களை வேறு விதமாகப் பிரிக்கச் சொன்னார். எந்த வருத்தத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியாமல் மருந்துக்கு எழுத முடியவில்லை. ஊர் கலையாமல் இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு பைலின் முதுகிலும் வருத்தத்துக்கு ஒரு நிறத்தில் கோடு போடுவோம் என்றார். சீனிக்குச் சிவப்பு. பிறசருக்குப் பச்சை. இழுப்புக்கு மஞ்சள். கோடு போட முன் எல்லாவற்றையும் குவியல் குவியலாகப் பிரிக்க வேண்டும். மூடிக்கிடந்த பழைய வாட்டில் பாய்களை விரித்து, ஒவ்வொரு பாய்க்கும் ஒரு துண்டு எழுதி வைத்து, நானாவும் நானும் நிலத்தில் இருந்து பிரித்தோம்.

கெதியில் உயர்ந்தது உளைவுக் குவியல்தான். கை உளைவு, கால் உளைவு, இடுப்பு நாரி உளைவு, மொளி என்கிற மூட்டு வலி என்று வந்தவை எல்லாம் அதில் விழுந்தன. எங்கே போடுவது என்று தெரியாததும் அதில்தான். நானா தலையில் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "பார் தங்கச்சி, ஆவணியில எல்லா பஸ்ஸும் மடு மாதா திருநாளுக்குப் போற மாதிரி எல்லா வருத்தமும் உளைவுக்குத்தான் போகுது" என்பார்.

டொக்டர் வந்து அந்தக் குவியலைப் பார்த்து, அதைத் தொழில்வாரியாகப் பிரிக்கச் சொன்னார். வயல்காரர் பைல்கள் விளங்கக்கூடியவை. நாற்று நட்ட காலத்தில் நாரி, அறுவடையில் தோள். கடல்காரர் பைல்களில்தான் அவர் நின்றுவிட்டார். முதுகு நோகிறது என்று வந்தவர்கள் வயதானவர்கள், வலை இழுத்தவர்கள். ஆனால் இளந்தாரிப் பிள்ளைகள் பலர் தோளும் முழங்கையும் முழங்காலும் உளையுது என்று வந்திருந்தார்கள். வீக்கம் இல்லை, காயம் இல்லை. சிலருக்குத் தோல் கடி, அரிப்பு. ஒருவர் இருவருக்குக் கால் மரத்திருந்தது. எல்லாருக்கும் குளிசையும் பூசுகிற மருந்தும் கொடுத்து அனுப்பியிருந்தது. எல்லாரின் பைலிலும் தொழில் என்ற இடத்தில் கடற்றொழில், வலை என்றுதான் இருந்தது. டொக்டர் பென்சிலால் அந்தப் பைல்களின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். எங்கள் கரையில் பாதிப் பேருக்குத் தெரியும். கரையை விட்டுப் போகாத பதில் அது.

அந்தப் பிள்ளைகள் வலைக்காரர் அல்ல. முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கிச் சங்கு எடுப்பவர்கள். அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். படகுக்குப் பத்திரம் இருக்கும். ஆனால் அதில் இருக்கும் பெயர் ஒருவருடையது, தண்ணீருக்குள் இறங்குபவர் வேறொருவர். இது வெளியே தெரிந்தால் படகு பறிபோகும், அந்தப் படகை நம்பிய எல்லா வீட்டு அடுப்பும் அணையும். அதனால் அரசாங்கக் கட்டிடம் எதுவாக இருந்தாலும், யார் கேட்டாலும், வலை என்றே சொல்வது என்று பழகிவிட்டது. கடற்படைக்கும் வலை, கச்சேரி அலுவலகத்துக்கும் வலை, ஆஸ்பத்திரிக்கும் வலை. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது. தானாக வந்தது.

அப்படி வலை என்று எழுதியிருந்த பைல்களில் ஒன்று என் கணவருடையது.

அவர் முன்பு உண்மையாகவே வலைக்குத்தான் போனார். இழுவைப் படகுகள் வலையைத் திரும்பத் திரும்ப அறுத்துக்கொண்டு போன பிறகு, கூட்டாளிகளோடு சங்குக்கு இறங்கத் தொடங்கினார். கிழமை நாட்களில் தீவின் மறுகரையில் உள்ள வாடியில், ஓலைக் கொட்டிலில் தங்குவார்கள். சனி மதியம் வீட்டுக்கு வருவார். ஆழத்திலிருந்து வந்ததும் சில நாட்களில் தோளும் முழங்கையும் உளையும். அதைக் "காத்து அடிச்சது" என்பார்கள். அதற்கு அவர்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. காத்து அடித்தவரை மறுபடியும் சிலிண்டர் கட்டி, இறங்கிய ஆழத்துக்கே இறக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து மெல்ல மெல்ல மேலே எடுப்பார்கள். பல தடவை வலி விட்டிருக்கிறது. அதனால் அதில் எல்லாருக்கும் நம்பிக்கை. மேலே வராமலே போனவர்களைப் பற்றிக் கதைப்பது குறைவு.

நாங்கள் பைல் பிரித்த அந்த மாதத்தில் ஒருநாள் காலையில் அவர் படியில் இறங்கி மணலில் நின்று, "வலக்கால் செருப்புப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். செருப்பு வாசலில் கிடந்தது. நான் எண்ணெய் பூசிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்து காட்டினார். வலை என்று சொன்னார். குளிசை கொடுத்தார்கள். திங்கள் காலையில் திரும்பவும் வாடிக்குப் போனார்.

பாயில் இருந்தபடி அவருடைய பைலைக் கையில் வைத்திருந்தேன். அதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததுதான் அதில் இல்லை. டொக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று மனம் சொன்னது. சொன்னால் என் கணவரை மட்டுமல்ல, படகில் உள்ள எல்லாரையும் காட்டிக்கொடுத்ததாகும். ஒரே கோயிலில் முழந்தாளிடுகிறவர்கள். அவர்களின் பெண்சாதிமாரோடு ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவள் நான். சொல்லாவிட்டால் அந்தக் கால். இரண்டு நாள் டொக்டர் வந்து வந்து போனார். இரண்டு தடவையும் எழும்பி நின்றேன். "என்னக்கா?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை டொக்டர்" என்றேன்.

மூன்றாம் நாள் என் கை தன்பாட்டில் ஒரு வேலை செய்தது. உளைவுக் குவியலில் இருந்து எனக்குத் தெரிந்த பிள்ளைகளின் பைல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தேன். பாய்க்கு வெளியே, வெறும் நிலத்தில். துண்டு எழுதவில்லை. கடைசியாக என் கணவரின் பைலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். பிறகு எடுத்து நடுவில் செருகினேன். பிறகு திரும்பவும் மேலே வைத்தேன்.

நானா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இது என்ன குவியல் தங்கச்சி? பேர் இல்லாமல் கிடக்கு."

"தெரிஞ்ச ஆக்கள்" என்றேன்.

அவர் ஒரு பைலைத் திறந்தார். இன்னொன்றைத் திறந்தார். தீவுக்காரர்தானே, அவருக்கு விளங்கிவிட்டது.  எழும்பிப் போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து, தான் வெளியே நின்று கதவைச் சாத்தினார்.

டொக்டர் நிலத்தில் என் பக்கத்தில் சம்மணமிட்டு இருந்து அந்தப் பைல்களை வாசித்தார். வயதைப் பார்த்தார், எந்த மொளி என்று பார்த்தார். அவசரப்படவில்லை. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பைலைப் பார்த்தபடியே கேட்டார்.

"இவங்க எல்லாம் கடலுக்குக் கீழ போறவங்களாக்கா?"

"ஓம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதற்குப் பிறகு அவர்தான் பேசினார். சந்தேகம் தனக்கும் இருந்தது என்றும், புத்தகத்தில் படித்திருப்பதாகவும், கிளினிக்கில் கேட்டபோது எல்லாரும் வலை என்று சிரித்துக்கொண்டே சொன்னதால் மேலே கேட்க வழி தெரியவில்லை என்றும் சொன்னார். ஆழத்தில் இருந்து சட்டென்று மேலே வரும்போது, சோடாப் போத்தல் திறந்த மாதிரி இரத்தத்துக்குள் காற்று நுரைக்கும் என்று விளங்கப்படுத்தினார். அது மொளிக்குப் போனால் உளைவு. முள்ளந்தண்டுக்குப் போனால் கால் போகும். திரும்ப இறக்குவது ஒருநாள் காப்பாற்றும், இன்னொருநாள் கொல்லும். இதற்கென்று அழுத்தம் ஏற்றுகிற இரும்பு அறை உள்ள ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறது, கெதியாகக் கொண்டுபோனால் கால் திரும்பும் என்றார்.

நான் மேலே இருந்த பைலைத் தொட்டேன். "இது என்ர மனுசன்."

அவர் என் கையின்மேல் கையை வைத்தார். 

"அக்கா, இந்த ரூமுல இருக்கிறது வெளிய போகாது. இதுல இருக்கிறது நோய். யாரோட பெர்மிட்டுன்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். அவரை இனி இறங்க வேணாம்னு சொல்லுங்க. ஏதாவது ஆச்சுன்னா கடலுக்குக் கொண்டு போகாம நேரா இங்க கொண்டு வாங்க."

அந்தக் குவியலுக்கு நீலக்கோடு என்று தீர்மானித்தார். துண்டு எழுத வேண்டாம், தட்டுக்குப் பெயரும் வேண்டாம், கோடு மட்டும் போதும் என்றார். யன்னலுக்குப் பக்கத்துத் தட்டை அதற்கு ஒதுக்கினோம். அன்றே அந்தத் தூரத்து ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, யாரோடு கதைக்க வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டினார்.

சனி மதியம் என் கணவர் வந்தார். அன்று காலையிலும் இறங்கியிருந்தார். சாப்பாடு போட்டுவிட்டு, அவர் கை கழுவும் வரை காத்திருந்து சொன்னேன்.

"ஆர் டொக்டருக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. பைலை அடுக்கினனான்."

"என்னத்தை அடுக்கினனி?"

"உங்கட ஆக்களின்ர பைலைத் தனிய எடுத்து வைச்சனான். அவ பாத்து விளங்கிக்கொண்டா."

அவர் கோபக்காரர் அல்ல. அன்று அவருக்கு வந்தது கோபத்தைவிடப் பயம் என்று இப்போது நினைக்கிறேன். "எல்லாற்ற சோத்திலயும் மண்ணை அள்ளிப் போட்டிட்டு வந்து நிக்கிறாய்" என்றார். நாளைக்குக் கூட்டாளிகளின் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார். இனி இறங்க வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்டதாகவே காட்டவில்லை. திங்கள் வழமைபோலப் போவேன் என்று சொல்லிவிட்டுப் பாயை இழுத்துப் போட்டுப் படுத்தார். காலை அடிக்கடி கையால் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு பூசையில் அவர் ஆண்கள் பக்கத்தில், கூட்டாளிகளோடு இருந்தார். நடுப்பூசையில் மணி அடித்தபோது எல்லாரும் முழந்தாளிட்டோம். பிறகு எல்லாரும் எழும்பினார்கள். அவர் எழும்பவில்லை. முன் வாங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றதை நான் இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் அவர் சொல் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் விளங்கிக்கொண்டு இருபுறமும் பிடித்துத் தூக்கினார்கள். சுவாமியார் பூசையை நிறுத்தவில்லை, ஆனால் குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆண்கள் அவரை வெளியே கொண்டுபோனார்கள். நான் பின்னால் ஓடினேன். பெண்கள் சிலர் எனக்குப் பின்னால் வந்தார்கள்.

கோயில் முற்றத்தில் இருந்து பார்த்தால் கடல் தெரியும். படகுகள் கரையிலேயே நின்றன. அவருடைய கூட்டாளிகளில் ஒருவர், எல்லாரையும்விடப் பலசாலி, வாய்க்காரர், உடனே ஒழுங்கு செய்யத் தொடங்கிவிட்டார். சிலிண்டர் நிரப்பிக் கிடக்குது, வள்ளத்தைத் தள்ளுங்கோ, ஆழத்துக்குக் கொண்டுபோய் இறக்கினால் பின்னேரம் நடந்து வருவார் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரையே ஒருமுறை அப்படித்தான் காப்பாற்றினார்கள். தூக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் கடல் பக்கம் திரும்பினார்கள்.

"கடலுக்கு வேண்டாம்" என்றேன்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் மணலுக்குள் இறங்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். என் வாழ்க்கையில் ஆண்கள் கூட்டத்துக்கு முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. "கடலுக்கு வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

"ஆஸ்பத்திரிக்காரியல்லோ, அதுதான் ஆஸ்பத்திரியைச் சொல்லுறா" என்றார் அந்தக் கூட்டாளி. "அங்க என்ன தருவினம் அக்கா? பூசுற மருந்துதானே. பூசிக்கொண்டு படுக்கவோ?"

"இந்த முறை பூசுற மருந்து தரமாட்டினம்" என்றேன். குரல் அறுந்து போயிற்று. அதற்கு மேல் வரவில்லை.

அப்போதுதான் பின்னால் இருந்து அது கேட்டது. கிளினிக்கில் முதல் வாங்கில் இருந்து நான் வாசித்த பெயர்களை வாங்கி உரத்துச் சொன்ன அதே அம்மா. முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, மண்டபத்தில் சொல்வதைப் போலவே சொன்னார்: "கடலுக்கு வேண்டாமாம். ஆஸ்பத்திரிக்காம்." அவருக்குப் பக்கத்தில் நின்றவர் அதைத் திரும்பச் சொன்னார். "இந்த முறை பூசுற மருந்து இல்லையாம்." அது முற்றத்தின் கடைசி வரை போயிற்று. நான் என்னத்தைச் சொன்னாலும் அவர்களுக்குப் பழக்கம், வாங்கிக் கடத்திவிடுவார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைச் சொன்னேன், அதுவும் போயிற்று: "அங்க எங்கட ஆக்களுக்கு வேற தட்டு இருக்கு. டொக்டருக்குத் தெரியும். ஒருத்தரின்ர பெர்மிற்றும் கேக்கமாட்டா."

அதுவரை ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை ஒருவரும் வெளியில் சொன்னதில்லை. தூக்கிக்கொண்டிருந்தவர்கள் படகின் சொந்தக்காரரான சம்மாட்டியைப் பார்த்தார்கள். சம்மாட்டி மணலைப் பார்த்தார்.

என் கணவர் அவர்களின் கைகளில் கிடந்தபடி சொன்னார்: "அவள் சொல்லுறபடி செய்யுங்கோடா."

சம்மாட்டி தன்னுடைய வானைத்தான் எடுத்துவந்தார். ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு அதில் படுக்க வைத்தோம். வாய்க்காரக் கூட்டாளி தலைமாட்டில் இருந்து பிடித்துக்கொண்டு வந்தார். 

ஆஸ்பத்திரியில் டொக்டர் விடுதியில் இருந்து வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். நான் பைல் அறையைத் திறந்து நீலக்கோட்டுத் தட்டில் கையை வைத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. மேலே இருந்தது. தாதி மிஸி ஒக்சிசன் வைத்தார், சேலைன் ஏற்றினார். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை தடவை இறங்கினார் என்று டொக்டர் கேட்டார். என் கணவருக்கு ஞாபகம் கலங்கியிருந்தது. சம்மாட்டி வாசலில் நின்றார். உள்ளே வந்து சொன்னால் தன் படகை அரசாங்கக் கட்டிடத்துக்குள் தன் வாயாலேயே சொன்னதாகும். அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே வந்து, கையை விரித்து அளக்கும் பாகக் கணக்கில் எவ்வளவு ஆழம் என்றும், எவ்வளவு நேரம் என்றும் ஒழுங்காகச் சொன்னார். டொக்டர் ஆழத்தையும் நேரத்தையும் எழுதினார். யார் சொன்னது என்று எழுதவில்லை. சம்மாட்டி அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

சுவரில் ஒட்டியிருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, அவர்கள் ஓம் என்றதும் அம்புலன்ஸ் புறப்பட்டது. நானும் ஏறினேன். பாலம் கடக்கும்போது அவர் ஒக்சிசன் மூடிக்குள்ளால் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன். "நேற்றுச் சொன்னதை மனசில வையாதை" என்றார்.

அந்த இரும்பு அறை ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கியைப் படுக்கப் போட்டது போல இருந்தது. சின்ன வட்டக் கண்ணாடியால் உள்ளே பார்க்கலாம். முதல் நாள் வெளியே எடுத்தபோது பெருவிரல் அசைந்தது. அதை அவர் அசைத்தாரா, தானாக அசைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "இன்னொருக்கா அசையுங்கோ" என்றேன். அசைத்தார். நான் எத்தனையோ தடவை மடுவுக்கு நேர்த்தி வைத்துப் போயிருக்கிறேன். மாதாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் நின்றது அந்தப் பெருவிரலுக்கு முன்னால்தான்.

இன்று அவர் நடக்கிறார். வலக்கால் கொஞ்சம் இழுக்கும். மணலில் நடந்தால் ஒரு பக்கம் அடியும் ஒரு பக்கம் கோடுமாக விழும். கடலுக்குள் இறங்குவதில்லை. சம்மாட்டி கரையில் வேலை கொடுத்திருக்கிறார். வந்து குவியும் சங்குகளைப் பருமன் பார்த்துப் பிரித்து வைப்பது. "நீ அங்க அடுக்கு, நான் இஞ்ச அடுக்கிறன்" என்று பகிடி விடுவார். படகில் போய் இறங்குபவர்கள் இப்போது அவர்களின் சொந்தப் பெயரில் பத்திரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இன்னும் இல்லை.

நானா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். டொக்டருக்கும் மாற்றம் வந்துவிட்டது. கொம்பியூட்டர் வந்து, பைல்களில் இருப்பதை அதில் ஏற்றுகிறோம். தொழில் என்ற இடத்துக்குக் கீழே, கடலில் என்ன வேலை என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. டொக்டர் போவதற்கு முன் மேலிடத்துக்கு எழுதிச் சேர்ப்பித்தது அது.

அவர் போகும் நாளில் எல்லாரும் வரிசையாக நின்று விடை கொடுத்தார்கள். என் முறை வந்தபோது வழமைபோல ஒன்றும் வரவில்லை. அவர், "எனக்குக் கேட்டுச்சுக்கா" என்றார்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் முன்பு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். என் கணவர் தூரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கிழமை, பைல் அறையின் யன்னலில் ஒரு நிழல் விழுந்தது. உள்ளே வரலாம், கதவு இருக்கிறது. ஆனால் அந்த வாய்க்காரக் கூட்டாளி கடல் பக்கத்தால் வந்து, யன்னலுக்கு வெளியே மணலில் நின்றுகொண்டிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்த றாக்கைகளைப் பார்த்தார்.

"அக்கா, அந்தத் தட்டு எது?"

காட்டினேன்.

"பேர் ஒண்டும் எழுதேல்லையே."

"எழுதேல்லை."

அவர் தன் தோளை மற்றக் கையால் அமத்திக்கொண்டு, "என்ர பைலையும் எடுத்து அதில வையுங்கோ" என்றார். "ஊர்த் தட்டில கிடக்கும். வலை எண்டு எழுதியிருக்கும்."

எடுத்தேன். நீலப் பேனையால் முதுகில் கோடு போட்டேன். உப்புக் காற்றில் மை காயச் சுணங்கும். காயும் வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு நான் பைலைத் தட்டில் வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு கதவுப் பக்கத்தால் உள்ளே வந்து, டொக்டரைப் பார்ப்பதற்கு வாங்கில் இருந்தார்.